சேலைக்கு மேலே ஒரு சட்டை

தையல் தொழிலில் அழித்து எழுதுவது என்று ஒன்று கிடையாது, வெட்டினால் வெட்டினதுதான். ஃபேஷன் டிசைனிங் படிக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் சினிமாவுக்குத் துணி தைப்பாயா என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் பேண்ட்டைக் கொண்டுவந்து ஜிப் மாற்றித் தரச் சொல்கிறார்கள். நீங்களும் ஏதாவது ஒரு வேலையை மனசு வைத்துச் செய்து, யாருக்காகச் செய்தீர்களோ அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர் என்றால், நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நான் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. எங்கள் தாத்தா கதை சொல்லும்போது கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். நீங்களும் அங்கங்கே ஒரு ‘ம்’ கொட்டினால் போதும், நான் சொல்லி முடித்துவிடுவேன்.

பலகையில் பெரியம்மா

கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஓர் உடுப்பை யோசித்து, வரைந்து, வெட்டி, தைத்து முடிக்க வேண்டும். முதல் படி, என்ன யோசனை என்பதைப் படங்களாக ஒரு பலகையில் ஒட்டிக் காட்டுவது. என் வகுப்பில் ஒருத்தி மயில் ஒட்டியிருந்தாள். ஒருவன் கடலுக்கடியில் இருக்கும் பவளம். இன்னொருவன் பழைய கோயில் தூண். நான் என் பெரியம்மாவை ஒட்டியிருந்தேன்.

பெரியம்மா துடியலூருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரியில் வேலை செய்கிறார். செடிப் பைகளுக்கு மண் நிரப்புவது, நாற்று மாற்றுவது, தண்ணீர் விடுவது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒருமுறை போய்வந்தாலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: காட்டு வேலை, கட்டட வேலை, நர்சரி வேலை, எதுவானாலும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் மண்ணுக்கும் அதுதான் காப்பு. இத்தனை பேர் தினமும் போடுகிற அந்த உடுப்பை அவர்களுக்காக என்று யாரும் வடிவமைத்ததில்லை. தோள் சரிகிறது, காலர் கொண்டையில் இடிக்கிறது, உள்ளே முந்தானை சுருண்டு மூட்டையாகிறது, குனிந்தால் மார்புப் பையில் இருக்கிற போன் மண்ணில் விழுகிறது. இதையெல்லாம் சரிசெய்து, சேலைக்கு மேலே போடுவதற்கென்றே ஒரு சட்டை. அதுதான் என் யோசனை.

வகுப்பில் சிரித்தார்கள். எங்களுக்குப் பொறுப்பான மேகலா மேம் சிரிக்கவில்லை. பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என் புராஜெக்ட்டை முடித்ததாக அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு டிகிரி. இந்த வருடம் முடிக்காவிட்டால் சிங்காநல்லூரில் இருக்கும் அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்பது வீட்டில் ஏற்கெனவே பேசி முடிவானது. அப்பா கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. மேகலா மேம் கடைசியில் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார்:

“ராம்ப்ல யாராவது போட்டு நடந்தா எனக்குப் போதாது. இவங்க இதப் போட்டுட்டு வேலை செய்யறத நான் நேர்ல வந்து பார்ப்பேன். அப்பத்தான் கையெழுத்து.”

ஓட ஓட அளவு

அளவு எடுக்க நர்சரிக்குப் போனேன். பெரியம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க நிற்பது போல விறைப்பாக நின்றார். மூச்சுகூட விடவில்லை. எடுத்த அளவைப் பார்த்தால், அப்படி ஒரு ஆள் அங்கே வேலை செய்வதே இல்லை. பெரியம்மா அங்கே நிமிர்ந்து நிற்கிற நேரம் டீ குடிக்கிற நேரம் மட்டும்தான். மற்றபடி குத்தவைத்து உட்கார்ந்திருப்பார், அல்லது எட்டிக் குனிந்து பையை நகர்த்திக்கொண்டிருப்பார்.

“நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, இஞ்சு டேப்பும் கையுமாகப் பின்னாலேயே போனேன். குனிந்தால் முதுகு எவ்வளவு நீள்கிறது, கையை எட்டினால் தோள்பட்டை எவ்வளவு கேட்கிறது, உட்கார்ந்தால் சட்டை எங்கே இடுப்பைப் பிடிக்கிறது. அரளிச் செடி வரிசைக்கும் கறிவேப்பிலை வரிசைக்கும் நடுவில் அவர் நகர நகர நானும் நகர்ந்தேன். பெரியம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. கூட வேலை செய்யும் ருக்மணியக்கா கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, மற்றப் பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஏனுங்க, அளவுன்னா ஆளை நிக்கவெச்சு எடுப்பாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கறோம். இந்தத் தம்பி கோழி புடிக்கற மாதிரியில்ல எடுக்குது.”

தலை இல்லாத ஆள்

நிஜத் துணியில் கை வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒரு முன்மாதிரி தைத்துப் பார்ப்பது வழக்கம். அதைத் தையல் பொம்மை மேலே போட்டு, ஊசி குத்திக் குத்திச் சரிசெய்வோம். இந்தப் பொம்மைக்குக் கழுத்து உண்டு, தலை கிடையாது. தோள் உண்டு, கை கிடையாது. சொன்ன பேச்சு கேட்கும், மூச்சு விடாது. இதோடு பழகிய பிறகு மனிதர்கள் எல்லாரும் கொஞ்சம் தொந்தரவாகத்தான் தெரிவார்கள்.

மண் கையோடு சின்னச் சின்னப் பொத்தானைப் போட்டுக் கழற்றுவது சிரமம் என்பதால், பொத்தானே இல்லாமல் தலைவழியாக மாட்டுகிற மாதிரி அமைத்தேன். கழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. சந்தோஷம் தாங்காமல் வகுப்புத் தோழி நிவேதாவை அழைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளும் ஆசையாகத்தான் கையைத் தூக்கினாள். துணி நெற்றிவரை வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. மேலேயும் வரவில்லை, தலைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. பொம்மைக்குத் தலை இல்லாததால் நான் அளந்தது வெறும் கழுத்து. நிவேதா இரண்டு கையையும் மேலே தூக்கியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து நான் கழுத்தை வெட்டிவிட்டதும், கலைந்த முடியும் உடைந்த கிளிப்புமாக வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அந்தப் பொம்மைக்குத்தான் தலை இல்ல, சரி. உனக்குமாடா இல்ல?”

பட்டறை மேசை

நிவேதாவின் கிளிப் உடைந்ததில் ஒரு நல்லது நடந்தது. தலைவழி வேண்டாம், முந்தானை விழுகிற இடப்பக்கத்தில் தோளிலிருந்து இடுப்புவரை முழுக்கத் திறக்கிற மாதிரி வைப்போம் என்று மாற்றினேன். வலது கையை நுழைத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது கையை நுழைத்து, பெரிய டிச் பட்டன்களை ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். மண் கையாக இருந்தாலும் பரவாயில்லை. காலர் கொண்டையில் இடிக்காத அளவுக்குத் தாழ்வு. பை மார்பில் இல்லை, இடுப்புக்குப் பக்கவாட்டில். குனிந்தாலும் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

நிஜத் துணியைச் சோமனூரில் ஒரு தறிக்காரரிடம் வாங்கினேன். சாம்பல் நிறம். முன்பக்கம் மட்டும் நெளிக்கோடு எழுந்து நிற்கும், பின்பக்கம் நூல் நூலாகத் தொங்கும். தறியில் ஏற்றிய அந்தப் பாவு நூலில் மிஞ்சியது அவ்வளவுதான் என்று சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு நீளமான மேசை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பட்டறை மேசையில் செய்தித்தாளை விரித்து, துணியைப் போட்டு, வெட்டினேன். சட்டையின் முன்னும் பின்னும் நன்றாக வந்தன. கைகளுக்கு வரும்போது துணியை மடித்து இரண்டையும் சேர்த்து வெட்டுகிற அளவுக்கு இடம் இல்லை. ஒன்றை வெட்டினேன். காகித அச்சை அப்படியே நகர்த்தி வைத்து இன்னொன்றையும் வெட்டினேன்.

அச்சைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். கையின் முன் வளைவு வேறு, பின் வளைவு வேறு. துணியைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் பின்பக்கம் நூல் தொங்குகிறது. எனக்கு இரண்டு வலது கைகள் இருந்தன, இடது கை இல்லை. தறிக்காரருக்குப் போன் செய்தேன். அந்தப் பாவு அறுத்தாகிவிட்டது, இனி அதே நிறம் வராது என்றார். நான் இரண்டு கைகளையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபடி நின்றிருந்தேன். அப்பா ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

“மோட்டார்க் காயிலத் தப்பாச் சுத்துனா அவுத்துப்போட்டு மறுக்கா சுத்திக்கலாம். உன்ற தொழில்ல எப்படிங்க தம்பி?”

பெரியப்பாவின் கை

துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அப்பாவின் கேள்விக்குப் பதில், பஸ் ஏறித் துடியலூருக்குப் போகும்போது வந்தது. இந்தச் சட்டை பிறந்ததே பெரியப்பாவின் சட்டையிலிருந்துதானே. இல்லாத இடது கையை அங்கிருந்தே எடுத்தால் என்ன?

பெரியப்பா வாசலில் பல் குத்தக் குச்சி தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டைகளின் கதை அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவருக்குப் பிடித்த சட்டை எதுவும் பழசாகும்வரை அவரிடம் இருந்ததில்லை. காலர் கொஞ்சம் நைந்தாலே பெரியம்மா அதை வேலைக்கென்று எடுத்து வைத்துவிடுவாராம். நைகிறவரைக்கும் காத்திருக்காமல் துவைக்கிற கல்லில் காலரை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறாரோ என்று அவருக்கு ஒரு சந்தேகமும் உண்டு. உள்ளே போய்ச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்துவந்தார். ஒருமுறை உதறிப் பார்த்தார். நான் இடது கையைப் பிரித்து எடுக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு மிச்சச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“முழுசு முழுசா உன்ற பெரியம்மாகிட்டப் போச்சு. இப்பக் கை கையா உன்கிட்டப் போகுது. என்னமோ, எனக்கு ரெண்டு பனியனாச்சும் உட்டுவெய்யுங்க.”

காலர் ஓரத்தில்

தைத்து முடித்ததும், வெளியிலிருந்து வருகிற நடுவரிடம் காட்டுவதற்கு முன், பெரியம்மாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு போட்டோ எடுக்கக் கொண்டுபோனேன். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடம்பில் போடக் கூடாதல்லவா. காலர் நுனியில், சாமி படத்துக்கு முன்னால் வைத்து, விரலால் ஒரு பொட்டு. நனைத்த மஞ்சள். நான் பதறிப்போய் ஈரத்துணியால் ஒற்றினேன். பொட்டாக இருந்தது ரூபாய்க் காசளவு ஆனது. ஆவி இஸ்திரி போட்டேன். இன்னும் பரவி, பத்திரமாகப் பதிந்துவிட்டது.

நடுவர் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரம் பார்க்கிறவர். ஒரு தையல் பிசகு இருந்தாலும் விரல் நேராக அங்கேதான் போகும். இரண்டு கையும் ஏன் வேறு வேறு என்று கேட்டார். இரண்டு வலது கை வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். முதலில் அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் முறை சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டார். காலரைத் திருப்பினார். விரல் அந்த மஞ்சளில் போய் நின்றது. கறையா என்றார். கறையில்லைங்க சார், பெரியம்மா வைத்தது என்றேன். இப்படி ஒரு பீஸ் பெட்டிக்குள் போனால் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும் என்று விளக்கினார். வேலைச் சுத்தம் என்கிற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போட்டார், அது எனக்கும் தெரிந்தது. காலரை மறுபடி நேராக மடித்து வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்:

“ரிஜெக்ட்தான் தம்பி, மாத்திப் பேச மாட்டேன். ஆனா எங்கம்மா மஞ்சள் வெக்காம இன்னிக்கு வரைக்கும் நானும் ஒரு சட்டை போட்டதில்லை.”

மேம் வந்த நாள்

இனி மிச்சம் இருந்தது மேகலா மேமின் கையெழுத்து மட்டும். சட்டையைப் பெரியம்மாவிடம் கொடுத்து, நாளைக்கு வேலைக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு போக வேண்டும், எங்கள் மேம் பார்க்க வருகிறார் என்று சொல்லியிருந்தேன். சரி கண்ணு என்றார். காலையில் மேம் ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நான் நர்சரி வாசலில் நின்று கூட்டிப்போனேன். பெரியம்மா மண் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார். மேலே பெரியப்பாவின் நீலச் சட்டை.

என்னுடையது எங்கே என்று கேட்டேன். உள்ளே போட்டிருக்கிறேன் என்று நீலச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறம், மஞ்சள் பொட்டோடு, ஒரு தூசி இல்லாமல் இருந்தது. மண் படாமல் இருக்கத்தான் மேலே இதைப் போட்டாராம். மண் பட்டால் என்ன என்று மேம் கேட்டதற்கு, பெரியம்மா எழுந்து நின்று பதவிசாகச் சொன்னார்: பையன் அவ்வளவு பாடுபட்டுத் தைத்தது, காலேஜில் எல்லாம் வைத்துப் பார்த்தது, அதைப் போட்டு மண் அள்ளுவதா? நோம்பி நாள் வரட்டும், கோயிலுக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். வேண்டுமானால் போட்டோவுக்கு மேல் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.

மண் படாமல் இருக்க ஒரு சட்டை தைத்தேன். அந்தச் சட்டையில் மண் படாமல் இருக்க, அதன் மேல் இன்னொரு சட்டை. மேம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். கண்ணால் பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். வேலை செய்வதைப் பார்க்க வந்தேன், நிற்பதைப் பார்க்க இல்லை என்றார். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

எங்களுக்கு வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்ட, தைக்க, இஸ்திரி போட, மடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு பாடம் இல்லை. நான் பெரியம்மாவிடம் போய், அதைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். இரண்டையும் கழற்றி என்னுடையதைப் பத்திரமாக நீட்டினார். வாங்கி, செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து வைத்திருந்த குவியலின் மேலே விரித்தேன். ஒரு நொடி கை வரவில்லை. அத்தனை வாரம் அந்தத் துணியைத் தொடும்போதெல்லாம் கை கழுவிவிட்டுத்தான் தொட்டிருக்கிறேன். பிறகு இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டு, முன்பக்கம், முதுகு, கை என்று நன்றாகத் தேய்த்தேன்.

நர்சரியில் எல்லாருடைய வேலையும் நின்றுவிட்டது. பெரியம்மா “அய்யோ சாமி, என்ன பண்ணிப்போட்டே” என்று ஓடிவந்து என் கையிலிருந்து பிடுங்கினார். கண் கலங்கிவிட்டது. பெற்றவனுக்கும் வளர்த்தவனுக்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொண்டே உதறினார். உதறினாலும் போகவில்லை. தட்டினார். திருப்பிப் பார்த்தார். இனி இதை எடுத்து வைத்துப் பிரயோஜனம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. திட்டுவதை நிறுத்தாமலே வலது கையை நுழைத்து, சுற்றிக் கொண்டுவந்து, இடது கையை நுழைத்து, டிச் பட்டன்களைப் பட்பட்டென்று தட்டிவிட்டு உட்கார்ந்து மண்ணை அள்ள ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்களை மறந்துவிட்டார். எட்டிக் குனிந்தார், முதுகு பிடிக்கவில்லை. முந்தானை அசையவில்லை. போன் அடித்தது; பார்க்காமலே கை பக்கவாட்டுப் பைக்குப் போய் எடுத்துப் பேசிவிட்டு அங்கேயே வைத்தது. பழக்கதோஷத்தில் கட்டம் போட்ட இடது கையை முழங்கைவரை மடித்துவிட்டார். வலது கையை மடிக்கப் பார்த்தார். அதற்கு நான் பட்டி வைக்கவில்லை, மடிப்பு நிற்காமல் இறங்கி இறங்கி வந்தது. மேம் அதை மட்டும் எனக்குச் சுட்டிக்காட்டினார். சாவியை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தொட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்திலும் செம்மண் ஒட்டியது.

பெரியம்மா அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாளும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார், அடுத்த நாளும். பட்டறையில் அப்பா இப்போது பழைய மோட்டார்களை ஒரு மூலைக்கு ஒதுக்கி, மேசையின் பாதியை எனக்கென்று விட்டிருக்கிறார். அங்கே இப்போது அடுத்த சட்டையின் துணி விரித்துக் கிடக்கிறது. இந்த முறை அச்சைத் திருப்பிப் போட்டாயிற்று, இரண்டு கைக்கும் பட்டி உண்டு. இது ருக்மணியக்காவுக்கு. மேமை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிய அன்றே அவர் என்னை வழிமறித்துச் சொல்லிவிட்டார்:

“எனக்கும் ஒண்ணு வேணுங்க தம்பி. தைக்கறப்பவே அழுக்குப் பண்ணிக் குடுத்துருங்க, எங்களால பாக்க முடியாது.”

ஆக, ஓர் உடுப்பு முழுசாக முடிவது கடைசிப் பட்டனைத் தைக்கும்போது இல்லை, அதை உடுத்துகிறவர் இனி இதில் மண் பட்டால் பட்டுக்கொள்ளட்டும் என்று விடும்போதுதான் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டிகிரியும் ஒரு கூடை தொழுவுரமும் தேவைப்பட்டன.